ஆய்வக அரவை இயந்திரத்தை நிறுவுதல்: பாதுகாப்பும் முடிவின் துல்லியமும்

அரியலூர் சிமென்ட் ஆலைக்கு வரும் சுண்ணாம்புக்கல், நெய்வேலிச் சுரங்கத்தின் பழுப்பு நிலக்கரி, நாமக்கல் பண்ணைகளுக்குப் போகும் கோழித்தீவனம், உழவர் பையில் கட்டிக் கொண்டுவரும் அரைக் கிலோ மண் என எதை எடுத்துக்கொண்டாலும், ஆய்வகக் கருவிக்குள் போவது கடைசியில் ஒரு கிராமோ சில கிராமோதான். அந்தச் சிறு அளவு மொத்தக் குவியலையும் ஒத்திருக்க வேண்டும் என்பதற்காகவே மாதிரியை நொறுக்குகிறோம், அரைக்கிறோம், கலந்து பகிர்ந்தெடுக்கிறோம். தாது ஆய்வகங்களில் 75 மைக்ரான் சல்லடையில் இறங்கும் அளவுக்கு அரைப்பது வழக்கம். நிலக்கரிக்கு இந்தியத் தர நிர்ணயம் 212 மைக்ரான் என்கிறது.

இவ்வளவு பொறுப்பான வேலையைச் செய்யும் இயந்திரத்துக்குக் கிடைக்கும் இடமோ பல ஆய்வகங்களில் மாடிப்படிக்குக் கீழே, அல்லது பின்பக்க வராந்தாவில். தனிமங்களை அளக்கும் எக்ஸ்.ஆர்.எஃப். கருவிக்கு ஏ.சி. அறையும் யு.பி.எஸ்.ஸும் உண்டு. அரவை இயந்திரத்துக்கு ஒரு பிளக் பாயின்ட் போதும் என்று நினைக்கிறார்கள். ஆய்வகத்தில் கையை நசுக்கவும், காதைக் கெடுக்கவும், நுரையீரலை அரிக்கவும் கூடிய கருவி இதுதான் என்பது விபத்துக்குப் பிறகுதான் நினைவுக்கு வருகிறது.

பாதுகாப்பு யார் பொறுப்பு என்று கேட்டால் மூன்று விடைகள் கிடைக்கும். இயந்திரத்திலேயே எல்லாம் இருக்கிறது என்பார் விற்பனையாளர். ஓட்டுபவர் கவனமாக இருக்க வேண்டும் என்பார் நிர்வாகி. மாஸ்க்கும் கண்ணாடியும் வாங்கிக் கொடுத்துவிட்டோம் என்பார் பாதுகாப்பு அலுவலர். மூன்றும் பாதி உண்மைகள். இயந்திரத்தைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து முதல் மாதிரியை அரைப்பது வரை எடுக்கும் முடிவுகளே அடுத்த பத்து ஆண்டுகளின் ஆபத்தைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. இன்னொன்றும் உண்டு: ஆளுக்குத் தீங்கு செய்யும் குறைகளில் பல, ஆய்வு முடிவையும் கெடுக்கின்றன. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாதிரியைப் படித்த பிறகு இயந்திரம்

எந்த இயந்திரம் வாங்கலாம் என்பதற்கு முன், எதை அரைக்கப்போகிறோம் என்ற பட்டியல் வேண்டும். அதில் கடினம், ஈரம், எண்ணெய்ப் பசை, எரியும் தன்மை, நச்சு, தேவையான நுண்மை ஆகியவை இருக்க வேண்டும். கைப்பிடி அளவு கல்லைச் சில மில்லிமீட்டருக்குக் கொண்டுவர ஜா கிரஷர். அதைச் சில நிமிடங்களில் மாவாக்க ரிங் மில். மிக நுண்ணிய தூளுக்குப் பிளானட்டரி பால் மில். தட்டை, இலை, தீவனம் போன்ற நார்ப்பொருளுக்குக் கத்தியுள்ள வைலி மில் அல்லது ஹாமர் மில். ரப்பர், பிளாஸ்டிக் போல இழுபடும் பொருளென்றால் திரவ நைட்ரஜனில் உறையவைத்து அரைக்கும் வகை. ஒன்றின் வேலையை இன்னொன்றிடம் வாங்க நினைப்பதுதான் முதல் ஆபத்து. ரிங் மில்லில் பெரிய கல்லைப் போட்டால் வளையம் அதன்மேல் ஏறி மூடியை உள்ளிருந்து இடிக்கும். ஹாமர் மில்லில் ஈரமான தீவனத்தைப் போட்டால் சல்லடை அடைத்துக்கொள்ளும். அடைப்பை எடுக்கக் கை உள்ளே போகும்.

கிண்ணம் எந்தப் பொருளால் ஆனது என்பதும் இங்கேயே முடிவாக வேண்டும். எஃகுக் கிண்ணம் மாதிரியில் இரும்பையும் குரோமியத்தையும் கலக்கும். டங்ஸ்டன் கார்பைடு, டங்ஸ்டனோடு அதைப் பிணைக்கும் கோபால்ட்டையும் விட்டுச்செல்லும். மண்ணில் நுண்ணூட்டச் சத்துகளை அளக்கும் ஆய்வகத்துக்கு இது வெறும் விலைக் கேள்வி ஆகாது. எடையையும் பார்க்க வேண்டும். டங்ஸ்டன் கார்பைடின் அடர்த்தி எஃகைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதே கொள்ளளவுள்ள கிண்ணத்தை ஒரு நாளைக்கு நாற்பது முறை குனிந்து தூக்கிவைப்பவரின் முதுகுக்கு அந்த வேறுபாடு தெரியும். இயந்திரத்தின் பிடியும் ஸ்பிரிங்கும் அந்த எடைக்கு ஏற்றவைதானா என்பதைத் தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

இடமும் மேடையும்

அரவை இயந்திரத்துக்குத் தனி அறை வேண்டுமா, மேசையில் வைத்தால் போதுமா என்பது அடிக்கடி எழும் வாதம். தனி அறைக்கு மூன்று காரணங்கள் உண்டு: தூள், ஓசை, அதிர்வு. 0.1 மில்லிகிராம் வரை காட்டும் தராசு பக்கத்து அறையில் இருந்தாலே எண் நிலைகொள்ளாது. ஒலித்தடுப்புக் கூடு இல்லாத ரிங் மில்லின் இரைச்சல் 85 டெசிபலை எளிதாகத் தாண்டும். எட்டு மணி நேர வேலைக்கு அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் உச்சவரம்பே 85 டெசிபல்தான். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அனுமதிக்கும் நேரம் பாதியாகக் குறைகிறது. ஆனால் தனி அறை என்ற பெயரில் கதவை மூடினால் ஓட்டுபவர் விழுந்தாலும் தெரியாத ஒரு மூலையில் இயந்திரத்தைத் தள்ளிவிடக் கூடாது. கதவில் கண்ணாடி, கைக்கு எட்டும் தூரத்தில் நிறுத்தும் பொத்தான், தனியாக இருக்கும்போது அரைப்பதில்லை என்ற ஏற்பாடு ஆகிய மூன்றும் இருந்தால் தனி அறைக்கே என் வாக்கு.

தரைத்தளமே நல்லது. மேல்மாடியென்றால் தளத்தின் தாங்குதிறனைக் கட்டடப் பொறியாளரிடம் கேட்க வேண்டும். ரசமட்டம் வைத்து இரண்டு திசையிலும் மட்டம் பார்க்க வேண்டும். ஆங்கர் போல்ட் அடிப்பதா, அதிர்வு தாங்கும் ரப்பர் பாதத்தில் நிறுத்துவதா என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். தயாரிப்பாளர் ரப்பர் பாதம் கொடுத்திருக்கும்போது, அசைகிறதே என்று போல்ட் போட்டு இறுக்கினால் அதிர்வு முழுவதும் கட்டடத்துக்கும் பேரிங்குக்கும் போகும்.

பிளானட்டரி பால் மில்லில் சமநிலை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைக் கணக்கே சொல்லிவிடும். மையத்திலிருந்து 15 செ.மீ. தள்ளி இருக்கும் கிண்ணம் நிமிடத்துக்கு 400 சுற்று சுற்றினால், அதன்மேல் விழும் விசை புவியீர்ப்பைப் போல் ஏறத்தாழ 27 மடங்கு. எதிரெதிர்க் கிண்ணங்களுக்கிடையே 200 கிராம் வேறுபாடு இருந்தால் ஐந்து கிலோவுக்கு மேற்பட்ட இழுப்பு, நொடிக்கு ஏழு முறை திசை மாறித் திசை மாறி இயந்திரத்தை உலுக்கும். வேகத்தை இரட்டித்தால் அது நான்கு மடங்காகும். கிண்ணத்தையும் குண்டுகளையும் மாதிரியையும் சேர்த்து எடைபோட ஒரு சாதாரணத் தராசை இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே வைப்பதும் நிறுவும் வேலையின் ஒரு பகுதிதான்.

மின்சாரம்: போனதும் வந்ததும்

இந்தியாவில் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60. அங்கிருந்து வரும் இயந்திரத்தை மின்மாற்றி வைத்து வோல்டேஜை மட்டும் சரிசெய்து ஓட்டினால், நான்கு துருவ மோட்டாரின் வேகம் 1800-லிருந்து 1500-ஆக இறங்கும். மோட்டாரும் சூடேறும். நுண்மை கிடைக்காமல் ஓட்டுபவர் நேரத்தைக் கூட்டுவார், அளவைக் கூட்டுவார். கோளாறு அங்கே தொடங்கும்.

மூன்று ஃபேஸ் இயந்திரத்தில் ஏதேனும் இரண்டு ஒயர்கள் இடம் மாறினால் மோட்டார் எதிர்த்திசையில் சுழலும். எனவே பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரை ஒரு நொடி தட்டி, உறையில் உள்ள அம்புக்குறியோடு திசையை ஒப்பிட வேண்டும். இதை முதல் நாளில் மட்டும் செய்தால் போதாது. பேனல் போர்டில் யாராவது கைவைத்த ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும். ஒரு ஃபேஸ் போனால் மோட்டார் எரியாமல் காக்கும் ரிலே, 30 மில்லியாம்ப் கசிவுக்கே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி., ஐ.எஸ். 3043 சொல்லும் முறையில் எர்த்திங் ஆகியவை பேரம் பேசக் கூடாதவை.

நம் ஊருக்கென்றே ஓர் ஆபத்து உண்டு. ஹாமர் மில் ஓடிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போகிறது. ஹாப்பரில் தீவனம் பாதியில் நிற்கிறது. இருக்கும் நேரத்தில் அடைப்பை எடுத்துவிடலாம் என்று உதவியாளர் மூடியைத் திறந்து கையை விடுகிறார். சுவிட்ச் ஆன் நிலையிலேயே இருக்கிறது. கரன்ட் வருகிறது. மின்சாரம் திரும்பியதும் இயந்திரம் தானாக ஓடத் தொடங்கக் கூடாது என்பது ஐ.இ.சி. 60204 தரத்தின் அடிப்படை விதிகளில் ஒன்று. மின்காந்தச் சுருள் (காயில்) உள்ள ஸ்டார்ட்டர் இருந்தால் மின்சாரம் போனவுடன் அது விடுபட்டுக்கொள்ளும், மறுபடி பொத்தானை அழுத்தினால்தான் ஓடும். வெறும் சுவிட்சும் பிளக்கும் வைத்து ஓடும் மலிவு இயந்திரங்களில் இந்தக் காப்பு இல்லை. ஜெனரேட்டர் தானாக மாறும் கட்டடங்களில் இந்த ஆபத்து சில விநாடிகளிலேயே வந்து நிற்கும்.

காப்பும் பூட்டும்

இயந்திரப் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 12100 தரம் ஒரு வரிசையைச் சொல்கிறது: முதலில் வடிவமைப்பிலேயே ஆபத்தை நீக்கு, முடியாவிட்டால் காப்பு போடு, மிஞ்சியதற்கு மட்டும் எச்சரிக்கையும் பயிற்சியும். நம் ஆய்வகங்களில் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. சுவரில் எச்சரிக்கை ஒட்டப்பட்டிருக்கும். பெல்ட்டின் கம்பி வலைக் கூடு கழற்றிய நிலையில் மூலையில் கிடக்கும்.

மூடி திறந்தால் ஓடாதபடி செய்யும் இன்டர்லாக் இன்று நல்ல இயந்திரங்கள் எல்லாவற்றிலும் வருகிறது. அதை டேப் ஒட்டியோ காந்தம் வைத்தோ ஏமாற்றுவதும் சாதாரணமாக நடக்கிறது. இதை ஒழுங்கீனம் என்று மட்டும் பார்த்தால் தீர்வு கிடைக்காது. மூடியைத் திறந்து மூடுவதில் ஒவ்வொரு மாதிரிக்கும் அரை நிமிடம் வீணானால், நாளைக்கு அறுபது மாதிரி முடிக்க வேண்டியவர் குறுக்குவழி தேடுவார். இன்டர்லாக்கை ஏமாற்றத் தூண்டும் காரணத்தையே குறைக்க வேண்டும் என்று ஐ.எஸ்.ஓ. 14119 தரம் கேட்பது இதனால்தான். வாங்கும் முன் அந்த இயந்திரத்தில் பத்து மாதிரிகளை வரிசையாக அரைத்துப் பார்த்தால், எங்கே பொறுமை தீரும் என்பது தெரிந்துவிடும்.

ஜா கிரஷரின் ஃபிளைவீல் மின்சாரத்தை அணைத்த பிறகும் சுழலும். அது முழுதாக நிற்க எத்தனை விநாடி ஆகிறது என்பதை அளந்து இயந்திரத்திலேயே எழுதி ஒட்ட வேண்டும். சிக்கிய கல்லை எடுக்கும் முறையும் எழுதப்பட்டிருக்க வேண்டும்: மெயினை அணை, சொந்தப் பூட்டைப் போடு, சாவியைச் சட்டைப்பையில் வை, சக்கரம் நின்றதைக் கண்ணால் பார், ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி ஓடவில்லை என்று உறுதிசெய், பிறகு கொக்கியால் எடு. ஆளுக்கொரு பூட்டு, பூட்டுக்கொரு சாவி என்ற இந்த நடைமுறையை அமெரிக்கா 1989-இல் விதியாக்கியது. ஒரு பூட்டும் அட்டையும் வாங்க ஆகும் செலவு சிறியதுதான்.

சுழலும் எந்தப் பொருளும் தொங்கும் எதையும் இழுத்துக்கொள்ளும். 2011 ஏப்ரலில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக வேதியியல் கட்டடத்தில், இரவில் தனியாக லேத்தில் வேலை செய்துகொண்டிருந்த மாணவி ஒருவர், தலைமுடி சிக்கி உயிரிழந்தார். அது அரவை இயந்திரம் இல்லை. ஆனால் துப்பட்டா, புடவைத் தலைப்பு, பின்னல், கையுறை, அடையாள அட்டையின் நாடா ஆகியவை எல்லாம் ஹாமர் மில்லின் தண்டுக்கும் ஒன்றுதான்.

கண்ணுக்குத் தெரியாத தூள்

விபத்து ஒரு நொடியில் தெரியும். தூள் பத்தாண்டு கழித்துத்தான் தெரியும். படிகச் சிலிக்காவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1997-இல் வகைப்படுத்தியது. நுரையீரலின் ஆழத்துக்குப் போகும் சிலிக்காத் தூள் எட்டு மணி நேரச் சராசரியில் கன மீட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று 2016-இல் அமெரிக்கா விதித்தது. இதன் பொருளைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 4 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உள்ள அறையின் கன அளவு 48 கன மீட்டர். அந்தக் காற்று வரம்பைத் தொட 2.4 மில்லிகிராம் போதும். பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர் உள்ள ஒரு குவார்ட்ஸ் மணல் பரலின் எடை 2.65 மில்லிகிராம். காற்றோட்டமற்ற அறையில் ஒரே ஒரு பரல் நுண்தூளாகி மிதந்தாலே வரம்பு தாண்டிவிடும். அந்தத் தூளின் அளவு சில மைக்ரான்கள்தான் என்பதால் கண்ணுக்கும் தெரியாது.

இந்தத் தூளால் வரும் நுரையீரல் நோயான சிலிக்கோசிஸ் வந்தபின் குணமாக்கும் மருந்து இல்லை. குஜராத்தின் கம்பாத்தில் அகேட் கல்லை இழைக்கும் தொழிலாளர்களிடையே இந்நோயை அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் ஆராய்ந்து பதிவுசெய்திருக்கிறது. ஆய்வகங்கள் விரும்பி வாங்கும் அகேட் கிண்ணங்களும் அதே வகைச் சிலிக்காக் கல்தான்.

தூளைப் பிறக்கும் இடத்திலேயே இழுத்துக்கொள்வதே முறை. இங்கேதான் பாதுகாப்பும் துல்லியமும் முரண்படும் அரிய இடம் வருகிறது. திறந்த கிண்ணத்துக்கு நேர்மேலே வலுவாக உறிஞ்சினால் மாதிரியின் மிக நுண்ணிய பகுதியும் குழாயில் போய்விடும். களிமண்ணும் மென்மையான கனிமங்களும் முதலில் தூளாவதால், மிஞ்சியதில் கடினமான கனிமத்தின் விகிதம் கூடியிருக்கும். இதற்கு விடை, அரைக்கும்போது கிண்ணம் இறுக மூடியிருப்பதும், திறந்து கொட்டும் மேசையின் பின்புறம் நீளப் பிளவு வழியாக மிதமாக உறிஞ்சுவதும்தான். அந்த அறையில் மின்விசிறி கூடவே கூடாது. உறிஞ்சியின் வேலையை அது ஒரு நொடியில் கலைத்துவிடும்.

புளோயரால் ஊதிச் சுத்தம் செய்வதும் உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குவதும் அடியோடு நிற்க வேண்டும். ஈரத்துணியும் ஹெப்பா வடிகட்டி உள்ள வாக்குவமும் போதும். கிண்ணத்தைத் தூய்மையாக்கக் குவார்ட்ஸ் மணலை அரைக்கும் பழைய வழக்கம், அறையிலேயே மிக ஆபத்தான தூளை நாமே உண்டாக்குவதாகும். அடுத்த மாதிரியில் சிறிதளவை அரைத்துக் கொட்டிவிட்டுத் தொடங்குவது நல்ல மாற்று. என்95 மாஸ்க் இவை எல்லாவற்றுக்கும் பிறகு வரும் கடைசி அரண். தாடி இருந்தால் அதுவும் முகத்தில் சரியாக ஒட்டாது.

தீயும் அழுத்தமும்

நிலக்கரி, தீவனம், சர்க்கரை, கந்தகம், அலுமினியத் தூள் ஆகியவை காற்றில் போதிய அளவு கலந்து பொறி கிடைத்தால் வெடிக்கும். 2008 பிப்ரவரி 7 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் போர்ட் வென்ட்வொர்த் சர்க்கரை ஆலையில் தூள் வெடித்து 14 பேர் இறந்தார்கள். ஆய்வகத்தில் ஒரு முறை அரைப்பது நூறு கிராம்தானே என்று தோன்றலாம். ஆனால் உறிஞ்சு குழாயிலும் வடிகட்டிப் பையிலும் மாதக்கணக்கில் சேர்வது கிலோக்கணக்கு. எனவே எரியும் மாதிரிக்கும் கனிம மாதிரிக்கும் தனித்தனிப் பை, உலோகக் குழாய்க்கு எர்த், அரைக்கும் முன் ஆணியும் திருகும் பிடிக்கக் காந்தம் ஆகியவை வேண்டும்.

மூடிய கிண்ணத்துக்குள் ஆல்கஹால் ஊற்றி அரைக்கும்போது சூடேறி ஆவி அழுத்தம் கூடும். முழுதாக ஆறிய பிறகே, அதுவும் உறிஞ்சு மேடையில் வைத்தே திறக்க வேண்டும். டைட்டானியம், மெக்னீசியம் போன்ற உலோகங்களைக் காற்றில்லாமல் அரைத்துவிட்டுத் திறந்தால், புதிதாகப் பிறந்த பரப்பு காற்றுப் பட்டதும் பற்றிக்கொள்ளும். பெர்குளோரேட், பெராக்சைடு போன்றவற்றை இவ்வகை இயந்திரத்தில் போடவே கூடாது. திரவ நைட்ரஜன் ஒரு லிட்டர் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாகும். சிறிய அறையில் மூச்சுக்கான ஆக்சிஜனை அது தள்ளிவிடும்.

சட்டம் எட்டும் தூரம்

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 14-ஆம் பிரிவில் தூளை அகற்றுவதையும், 21-ஆம் பிரிவில் இயந்திரத்துக்கு வேலியிடுவதையும், 37-ஆம் பிரிவில் வெடிக்கும் தூளையும் பேசியது. சிலிக்கோசிஸை அறிவித்தே ஆக வேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்தது. இச்சட்டம் உட்பட 13 சட்டங்களை 2020-ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு ஒன்றாக்குகிறது. ஆலைக்குள் இருக்கும் ஆய்வகத்துக்கு இவை எட்டும். கல்லூரி ஆய்வகத்தில் ஆராய்ச்சிப் பட்டத்துக்காக அரைக்கும் மாணவர், தொழிலாளி என்ற சொல்லுக்குள் எளிதில் வருவதில்லை. அவருடைய பாதுகாப்பு துறைத்தலைவரின் பொறுப்புணர்ச்சியை நம்பியே இருக்கிறது.

கையெழுத்துக்கு முன்

ஜா கிரஷரை வெறுமையாக ஓட்டித்தான் கல்லைப் போட வேண்டும். ரிங் மில்லை மாதிரி இல்லாமல் ஓட்டவே கூடாது, வளையங்கள் ஒன்றையொன்று இடித்துச் சிதையும். இப்படி இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும் முறைகள், தடித்த ஆங்கிலக் கையேட்டில் இருக்கின்றன. உண்மையில் இயந்திரத்தை ஓட்டும் உதவியாளருக்கு அது எட்டுவதில்லை. அவருக்குப் புரியும் தமிழில் ஒரு பக்கக் குறிப்பு, இயந்திரத்துக்கு நேரே சுவரில் வேண்டும்.

நிறுவிக் கொடுத்தவரின் ரசீதில் கையெழுத்துப் போடும் முன் ஐந்து சோதனைகளை அவர் முன்னிலையிலேயே செய்து எண்களைப் பதிவேட்டில் எழுதுங்கள். மூடி திறந்த நிலையில் ஸ்டார்ட் அழுத்தினால் ஓடக் கூடாது. ஓடும்போது மெயினை அணைத்துப் போட்டால் தானாகத் தொடங்கக் கூடாது. அவசரப் பொத்தானை அழுத்தினால் எத்தனை விநாடியில் நிற்கிறது, அதை விடுவித்த பிறகும் நின்றபடியே இருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டுபவர் நிற்கும் இடத்தில் இரைச்சல் எத்தனை டெசிபல் என்று அளந்துகொள்ளுங்கள். ஐந்தாவதாக, சுற்றிலும் கறுப்புத் தாள் விரித்துப் பத்துச் சுண்ணாம்புக்கல் மாதிரிகளை அரைத்தால், வெள்ளைத் தூள் எங்கெல்லாம் படிகிறது என்று தெரிந்துவிடும். இவற்றில் ஒன்று தவறினாலும் பணத்தை நிறுத்திவையுங்கள். இந்த ஐந்தையும் முடிக்க அரை நாள் போதும். குறையைச் சரிசெய்யும் செலவு விற்பனையாளருடையதாக இருக்கும் கடைசி நாளும் அதுதான்.